பீரோ சாவி

மழை விட்டபாடில்லை. நேற்று சாயங்காலம் பிடித்தது, பொழுது விடிந்த பிறகும் யாரோ மேலே உட்கார்ந்து வாளி வாளியாகக் கவிழ்க்கிற மாதிரி ஊற்றிக்கொண்டிருந்தது. முற்றத்தில் கணுக்கால் முங்கத் தண்ணீர். தண்ணீருக்கு நடுவில் நாத்தனாரின் கார், போட்டது போட்டபடி. கார் என்றால் நிற்கத்தான் செய்யும், நின்றுவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடலாம்தான். ஆனால் முற்றத்துத் தண்ணீர் மொத்தமும் வெளியே போக இருந்த ஒரே சாக்கடை மூடி, சரியாக அதன் வயிற்றுக்குக் கீழே மாட்டிக்கொண்டிருந்தது.

அந்த வீட்டு அமைப்பு அப்படி. தெருவுக்கு ரோடு போடுகிறேன் போடுகிறேன் என்று மேலுக்கு மேல் போட்டு, தெரு உயரமாகி வீடு பள்ளமாகிவிட்டது. வாசல் கேட்டிலிருந்து முற்றம் உள்நோக்கிச் சரிந்து, கடைசியில் கோழிக்குஞ்சு பொரிப்பு அறையின் படிக்கட்டில் வந்து முடியும். படிக்கு முன்னால்தான் அந்த மூடி. உள்ளே குழாயில் இலையோ சாக்கோ எதுவோ போய் அடைத்துக்கொண்டது. மூடியைத் தூக்கிக் கையை விட்டு இழுத்தால் ஆயிற்று. தூக்குவதற்குக் காருக்கு அடியில் ஒரு சாண் இடம்தான் இருந்தது.

பொரிப்பு அறைக்குள் தண்ணீர் போனால் என்ன ஆகும் என்பது அந்த வீட்டு மருமகளான அவளுக்கு மட்டும் நன்றாகத் தெரியும். அவளுடைய அறை அது. கல்யாணமாகி வந்த புதிதில் புருஷன் கோழி வளர்த்தான், இவள்தான் முட்டை வைத்துப் பொரிக்கலாம் என்று ஆரம்பித்தாள். ஒவ்வொரு முட்டையையும் இருட்டில் விளக்குக்கு நேரே பிடித்து, ஓட்டில் மயிரிழைக் கீறல் இருக்கிறதா, உள்ளே கரு கூடியிருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து அவள் கண்ணே அப்படிப் பழகிவிட்டது. துணி மடிக்கும்போதுகூட நூல் விட்ட இடம்தான் முதலில் கண்ணில் படும்.

கரண்டை நம்பி அந்த ஊரில் தொழில் செய்ய முடியாது என்று முட்டைப் பெட்டிகளுக்கு அடியில் மண்ணெண்ணெய் விளக்கு வைத்துத்தான் சூடு கொடுத்தார்கள். விளக்கு வைக்கும் மாடம் தரையோடு தரையாகக் கட்டியது. தண்ணீர் படி ஏறினால் விளக்கு அணையும். இன்றைக்குக் குஞ்சுகள் ஓடு கீறி வெளியே வருகிற நாள். காதை வைத்தால் ஓட்டுக்குள்ளிருந்தே கீச்சு கீச்சென்று சத்தம் கேட்டது. இந்த நேரத்தில் சூடு போனால் அத்தனையும் ஓட்டுக்குள்ளேயே செத்துப்போகும். தட்டோடு தூக்கி வீட்டுக்குள் கொண்டுபோகலாம் என்றால் இந்தக் குளிர்காற்றுக்குப் பாதிக்கு மேல் தேறாது.

அதுவும் இது சாதாரண வைப்பு இல்லை. போன தடவை வைத்தது சூடு கூடிப்போய் மொத்தமும் வீண். அதற்கு முந்தினதிலும் பாதிதான். நாத்தனார் நேற்று காரை எடுத்துக்கொண்டு வந்ததே அந்தப் பேச்சை முடித்துவிடத்தான். அவள் வீட்டுக்காரருக்குப் பெரிய ஊரில் குடோன் இருந்தது. தம்பிக்கு அங்கே மேற்பார்வை வேலை பேசி வைத்திருந்தாள். வந்ததும் வராததுமாக, சாப்பிட்ட தட்டைக் கழுவுவதற்கு முன்னாலேயே விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டாள். புருஷன் தலையைச் சொறிந்தான். இந்தத் தடவை பொரியட்டும் பார்க்கலாம், இதுவும் போச்சுன்னா வந்துடறேன்க்கா என்று சொல்லிவிட்டான். பெண்டாட்டி முகத்தைப் பார்க்காமலே சொன்னான். 

ராத்திரி கரண்டு போனது. பொரிக்கப்போகிற முட்டைகளை மேல்தட்டிலிருந்து அடித்தட்டுக்கு மாற்ற வேண்டிய வேலை அப்படியே கிடந்தது. டார்ச்சும் கண்ணை மூடிவிட்டது. அப்போது நாத்தனார்தான், யாரும் கேட்காமலே, காரைத் திருப்பி நிறுத்தி முன்விளக்கைப் போட்டாள். அறைக்குள் பட்டப்பகல் மாதிரி வெளிச்சம். அந்தப் பக்கம் மரக்கிளை முறிந்து விழுகிற மாதிரி ஆடியதால், காரை இந்தப் பக்கச் சுவரோடு ஒட்டி நிறுத்தினாள். ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவைத் திறக்கவே முடியாது. பருத்த உடம்பை வைத்துக்கொண்டு இடதுபக்கச் சீட்டுக்குத் தாவி இறங்குவதற்குள் முட்டி பிசகிக்கொண்டது. வேலை முடிந்ததும் இவள்தான், திரியெல்லாம் சரிபண்ணிக்கிறேன் அண்ணி, கொஞ்ச நேரம் எரியட்டும், நானே அணைச்சிடறேன் என்றாள். நாத்தனாரும் சாவியைத் திருப்பினா அணைஞ்சிடும் என்று காட்டிக்கொடுத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டாள்.

இவள் அணைக்கவில்லை. திரியைச் சரிசெய்து சுவரில் சாய்ந்தவள் அப்படியே தூங்கிப்போனாள். விடிந்து பார்த்தால் விளக்கு தானாகவே அணைந்திருந்தது. சாவியைத் திருப்பினால் டிக் என்றுகூடச் சத்தமில்லை.

காலையிலிருந்து அவள் தலை நிமிரவில்லை. யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் இன்னும் மோசம். நாத்தனார் வேண்டுமென்றே நல்லவிதமாக, விடும்மா, அசதியில தூங்கிட்டே, வேணும்னேவா செஞ்சே என்றாள். அந்த ஆறுதலைக் கேட்டு அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

கூப்பிட ஆள் என்று பார்த்தால் இரண்டு பேர். பக்கத்து வீட்டில் ரொட்டி போடுகிறவர், ஊதினால் பறந்துபோகிற உடம்பு, அதனாலேயே தெருவில் அவருக்குப் பயில்வான் என்று பேர். எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற வாத்தியார். வாத்தியார் குடையோடு வந்து முதலில் பாடம் நடத்தினார். ரோடு முழுக்க மரம் விழுந்து கிடக்கிறது, மெக்கானிக் வருகிற ஜோலியே இல்லை, போனும் செத்துவிட்டது, தெருவில் வேறு கார் கிடையாது, ஆகவே கைபலம்தான் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி முடிப்பதற்குள் தண்ணீர் இன்னும் ஒரு விரல் ஏறியிருந்தது. மூன்று ஆம்பளைகளும் தோள் கொடுத்துத் தள்ளிப் பார்த்தார்கள். கார் முன்னும் பின்னும் ஊஞ்சல் மாதிரி ஆடியதே தவிர, சக்கரம் உருளவில்லை.

"நியூட்ரல்ல போட்டாத்தான் நகரும்" என்றார் வாத்தியார்.

"அது விழாதுங்க" என்றாள் நாத்தனார், வாசல்படியில் நாற்காலி போட்டு முட்டியை நீட்டிக்கொண்டு. "இது பழைய வண்டி மாதிரி இல்ல. ஆட்டோமேட்டிக். பேட்டரி போச்சுன்னா கியர் பூட்டிக்கும். மெக்கானிக் வந்தாத்தான் உண்டு."

சொந்தக்காரியே சொன்ன பிறகு யார் என்ன பேச முடியும்? புருஷன் வாளியை எடுத்தான். பயில்வானும் ஒரு குடத்தோடு சேர்ந்துகொண்டார். முற்றத்துத் தண்ணீரை மொண்டு கேட்டுக்கு வெளியே வீசினார்கள். வானம் கொடுக்கிற வேகத்துக்கு அது எந்த மூலைக்கு? அவள் அறைக்குள் ஓடி மாடத்து வாயில் செங்கல் அடுக்கினாள், சாக்கைச் சுருட்டி வைத்தாள், வெளியே ஓடி வந்து படியைப் பார்த்தாள். இரண்டு விரல்கடை மிச்சம். அடுப்பில் கரு கூடாத முட்டைகளை வேகப்போட்டிருந்தாள், அந்த வீட்டில் எந்தக் கஷ்டத்திலும் முட்டைக்கு மட்டும் பஞ்சமில்லை. ஒருத்தரும் தொடவில்லை. வாத்தியார் மட்டும் ஒன்றை உரித்து மிளகுத்தூள் கேட்டார்.

புருஷன் வாளியை வைத்துவிட்டு மூச்சு வாங்கினான். "தட்டை எடுத்துடலாமா?" என்று கேட்டான். குரலில் தெம்பே இல்லை. எடுத்துவிடலாம் என்றால் என்ன அர்த்தம் என்று அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். வாசல்படியில் உட்கார்ந்திருந்த நாத்தனாருக்கும் தெரியும்.

"ஒரு தடவை நான் அந்தக் கியரை இழுத்துப் பாத்துடறேன்" என்றாள் அவள். சும்மா வேடிக்கை பார்த்துக்கொண்டு தட்டை எடுக்க அவளுக்கு மனசு வரவில்லை.

இடதுபக்கக் கதவைத் திறந்து, ஒல்லி உடம்பாக இருந்ததால் நடுவில் நழுவி, ஓட்டுகிறவர் சீட்டில் போய் விழுந்தாள். ஜென்மத்தில் அந்த இடத்தில் உட்கார்ந்ததில்லை. எதையாவது உடைத்து வைக்கப்போகிறாள் என்று நாத்தனாரும் நொண்டிக்கொண்டே வந்து இடதுபக்கச் சீட்டில் ஏறினாள். மழைக்குக் கதவைச் சாத்திக்கொண்டாள். சாத்தியதும் வெளிச்சத்தம் எல்லாம் அடங்கி, கூரைமேல் மழை தட்டுகிற சத்தம் மட்டும் மிஞ்சியது. பேட்டரி செத்ததால் கண்ணாடி எதுவும் இறங்காது. இரண்டு பேர் விட்ட மூச்சில் அது புகை படிந்து மங்கியது.

கியர் கம்பியை இழுத்தாள். மரத்தில் அறைந்த மாதிரி நின்றது. இரண்டு கையாலும் இழுத்தாள். அப்போதுதான் அது கண்ணில் பட்டது. கம்பிக்குப் பக்கத்தில், நகத்தளவு ஒரு கறுப்பு மூடி. அதன் ஓரத்தில் பொடிப்பொடியாகக் கீறல். எதையோ கொடுத்து நெம்பிய கீறல், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது. பழசு இல்லை, புதுசு.

"இதை யாரு நோண்டினது அண்ணி?"

 நாத்தனார் புடவைத் தலைப்பால் தன் பக்கக் கண்ணாடியைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

"அண்ணி, உங்களைத்தான் கேக்கறேன்."

"போன மாசம் ஒருதடவை இதே மாதிரி பேட்டரி போச்சு" என்றாள் நாத்தனார், கண்ணாடியைப் பார்த்தபடியே. "மெக்கானிக் அதைத் திறந்து உள்ள குத்தினான். கியர் விழுந்துச்சு."

 காலையிலிருந்து தலையைக் குனிந்துகொண்டு திரிந்தது, ஆறுதல் கேட்டு அழுதது, புருஷன் வாளி வாளியாக மொண்டது, எல்லாம் அவளுக்கு ஒன்றாக நினைவுக்கு வந்தது. அடித்துவிடலாமா என்றுகூட நினைத்தாள். நிஜமாகவே நினைத்தாள்.

"தெரிஞ்சுக்கிட்டே உக்காந்திருந்தீங்களா?"

"வாத்தியார் கேட்டப்பவே வாய் வரைக்கும் வந்துச்சு. வெளிய வரல." நாத்தனார் மடியிலிருந்த கைப்பையின் வாரை முறுக்கினாள். "எங்கம்மா போனப்ப அவனுக்கு நடக்கக்கூடத் தெரியாது. இடுப்புல வெச்சு வளத்தவ நான். அவன் இந்தக் கோழிப்பீயிலயும் சேத்துலயும் கிடந்து சாகிறதைப் பாத்துக்கிட்டு இருக்கச் சொல்றியா? இது ஒண்ணு வீணாப் போனா கிளம்பிடுவான்னு தோணிச்சு. தோணினது தப்புதான்."

"சேறு அவருக்கு ஒண்ணும் பண்ணல. உங்களுக்குத்தான் பண்ணுது" என்றாள் அவள். இன்னும் நிறையச் சொல்ல இருந்தது. ஆனால் தண்ணீர் விளக்குகளை நெருங்கிக்கொண்டிருந்தது. "அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். இப்ப என்ன பண்ணணும், அதைச் சொல்லுங்க."

நாத்தனார் கைப்பையைக் குடைந்தாள். கொண்டைஊசியைக் கொடுத்துப் பார்த்தாள், வளைந்துகொண்டது. அப்புறம் அடியிலிருந்து பீரோ சாவியை எடுத்தாள். நீளமான, மெல்லிசான காம்பு. நகை இருக்கிற பீரோ, வேலைக்காரியையும் நம்பமாட்டாள், தன் வீட்டுக்காரரையும் நம்பமாட்டாள், எங்கே போனாலும் சாவி கூடவே போகும். அதன் நுனியைக் கொடுத்து அந்தக் கறுப்பு மூடியை நெம்பினாள். கிணறு மாதிரி ஒரு சின்னத் துவாரம் தெரிந்தது.

"வண்டிச் சாவியை ஒரு படி திருப்பு. ஸ்டியரிங் விட்டுக்கும். கீழ ரெண்டு மிதி இருக்கும். அகலமானது பிரேக். அதை நல்லா மிதி."

"கல்லு மாதிரி இருக்கு."

"என்ஜின் ஓடலைன்னா அப்படித்தான் இருக்கும். ரெண்டு காலையும் வை. உன் உடம்பு மொத்தத்தையும் அதுல போடு."

அவள் சீட்டில் முதுகைக் கொடுத்து உந்தி மிதித்தாள். நாத்தனார் சாவிக் காம்பைத் துவாரத்தில் விட்டு, இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினாள். "இப்ப இழு" என்றாள். கம்பி வெண்ணெயில் வைத்த கத்தி மாதிரி இறங்கியது. ஒன்று, இரண்டு, அங்கே நின்றது. கார் தூக்கத்தில் புரள்கிற ஆளைப் போல முன்னால் லேசாகச் சாய்ந்தது.

அப்போதுதான் இருவருக்கும் உறைத்தது. முற்றம் சரிவு. சரிவு அறையைப் பார்த்து. கைப்பிரேக் என்று ஒன்று இருப்பதே நாத்தனாருக்கு மறந்துபோய் வெகுகாலம் ஆகியிருந்தது, கியரைப் பூட்டிவிட்டு இறங்குவதோடு சரி. அவசரமாக அதை இழுத்துப் பார்த்தாள், தொளதொளவென்று கையோடு வந்தது. இப்போது காரைப் பிடித்து நிறுத்தியிருந்தது இவளுடைய இரண்டு கால்கள் மட்டும்தான்.

நாத்தனார் கதவைத் திறந்து வெளியே கத்தினாள். ஆம்பளைகள் ஓடி வந்தார்கள். வேறு வழியில்லை, கார் மூக்குக்கும் அறைச் சுவருக்கும் நடுவில் நின்றுதான் மேட்டைப் பார்த்துத் தள்ள வேண்டும். பயில்வானும் வாத்தியாரும் முன்பக்கம் தோள் கொடுப்பது, கார் நகர நகரப் புருஷன் முன்சக்கரத்துக்கு அண்டையாகச் செங்கல் வைத்துக்கொண்டே வருவது, மூச்சு வாங்க நிற்கும்போது உள்ளேயும் பிரேக்கை மிதிப்பது என்று ஏற்பாடு. சாரல் உள்ளே அடிக்க, நாத்தனார் கதவைச் சாத்திக்கொண்டாள். முன்கண்ணாடியில் புகையும் தண்ணீரும். அவளுக்கு எதுவும் தெரியவில்லை. நாத்தனார் துடைத்து வைத்திருந்த பக்கக் கண்ணாடி வழியாக மட்டும், சக்கரத்தருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த புருஷன் தெரிவான். நாத்தனாருக்குத் தெரிவான், அவளுக்குத் தெரியமாட்டான்.

"நான் சொன்னா விடு. நான் சொன்னா மிதி" என்றாள் நாத்தனார்.

முதல் தடவை சரியாகப் போனது. விடு என்றாள், விட்டாள். கார் முனகிக்கொண்டு ஒரு முழம் பின்னால் ஏறியது. மிதி என்றாள், மிதித்தாள். இரண்டாவது தடவையும் போனது. மூன்றாவது தடவை பாதியில் பயில்வானுக்குக் கால் வழுக்கியது. தொப்பென்று தண்ணீரில் விழுகிற சத்தம். கார் ஒரு நொடி தயங்கி, முன்னோக்கி வர ஆரம்பித்தது.

"மிதி! மிதி!"

சீட்டிலிருந்து எழுந்து நின்று மிதித்தாள். பல்லைக் கடித்தாள், இடுப்பு நரம்பு பிடித்துக்கொண்டது. கார் குலுங்கி நின்றது. வெளியே செங்கல் ஒன்று நொறுங்கியது. 

"அவர் கை?"

"ஒண்ணும் ஆகல. செங்கல்தான். எடுத்துட்டான்." நாத்தனாருக்கே மூச்சு இரைத்தது.  பயில்வான் எழுந்து, விழுந்தது தாம் இல்லை என்கிற மாதிரி வேட்டியைப் பிழிந்துகொண்டார். வாத்தியார் குடையைத் தூக்கி எறிந்துவிட்டார். மறுபடி தோள் கொடுத்தார்கள். புருஷன் வேறு செங்கலோடு குனிந்தான்.

"விடு" என்றாள் நாத்தனார்.

அவள் விடவில்லை. விட வேண்டும் என்றுதான் நினைத்தாள். கால் கேட்கவில்லை. அந்தக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பது என்னவென்று அவளுக்கு இந்த ஒருத்தியின் வாய்தான் சொல்ல வேண்டும். காலையிலிருந்து தெரிந்ததை மறைத்துவைத்திருந்த அதே வாய்.

"விடும்மா. அவங்களால தாங்க முடியல."

"அவர் கை வெளியில இருக்கா அண்ணி? நிஜமாச் சொல்லுங்க."

நாத்தனார் திரும்பி அவளைப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தாள், படவில்லை. நாத்தனாரின் கண்ணில் நீர் கட்டியிருந்தது.

"நீ என்னை நம்ப வேண்டாம். நான் பண்ணின காரியத்துக்கு யாரும் நம்பமாட்டாங்க" என்றாள். "ஆனா அந்தக் கைக்கு நகம் வெட்டிவிட்டவ நான். வெட்டும்போது மூச்சைப் பிடிச்சுக்குவேன், சதையில படக் கூடாதுன்னு. கை வெளியில இருக்கு. பாத்துட்டுத்தான் சொல்றேன். விடு."

அவள் காலை எடுத்தாள்.

கார் அசைந்தது. பின்னால், பின்னால், இன்னும் கொஞ்சம். வாத்தியார் வாயிலிருந்து அவர் மாணவர்களுக்குச் சொல்லித்தராத வார்த்தை ஒன்று வந்தது. மிதி என்றாள் நாத்தனார். மிதித்தாள். முன்சக்கரங்களுக்கு இரண்டிரண்டு செங்கல் விழுந்தது. கம்பியை மேலே தள்ளிப் பழையபடி பூட்டு என்றாள், தள்ளினாள். 

இறங்கி வருவதற்குள் புருஷன் தண்ணீரில் மண்டிபோட்டு மூடியின் இரும்பு வளையத்தைப் பிடித்துத் தூக்கியிருந்தான். தோள்வரை கையை விட்டுத் துழாவினான். இழுத்தபோது வந்தது அவர்கள் வீட்டுத் தீவனச் சாக்கேதான், இலையும் சேறுமாகச் சுருண்டு ஒரு செத்த ஆட்டுக்குட்டி கனம் இருந்தது. தண்ணீர் ஒரு கணம் யோசித்தது. அப்புறம் சுழித்துக்கொண்டு இறங்க ஆரம்பித்தது. அவள் அறைக்குள் ஓடினாள். படியைத் தாண்டி நாக்கு நீட்டிய மாதிரி தண்ணீர் மாடத்துச் செங்கல் வரை வந்து தேங்கியிருந்தது. எல்லா விளக்கும் எரிந்தன. அவள் பெட்டிமேல் கையை வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

புருஷன் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தான். பின்னால் நாத்தனாரும் சுவரைப் பிடித்து நொண்டிக்கொண்டு வந்தாள்.

"எப்படி விழுந்துச்சு அந்தக் கியர்? விழவே விழாதுன்னு அக்கா சொன்னாளே" என்றான்.

அவள் வாயைத் திறந்தாள். சொல்லிவிடலாம், நியாயமாகச் சொல்லத்தான் வேண்டும். காலையில் எத்தனை தடவை தலை குனிந்தோம் என்பது அவளுக்கு மறக்கவில்லை. கூடவே அந்த நகம் வெட்டிய கையும் மறக்கவில்லை.

"பக்கத்துல ஒரு மூடி இருந்துச்சு. ஓட்டுல கீறல் பாக்கற கண்ணுதானே, பட்டுடுச்சு. நெம்பிப் பாத்தோம்" என்றாள்.

"அவ பொய் சொல்றா" என்றாள் நாத்தனார். "எனக்கு அது தெரியும்டா. காலையில இருந்தே தெரியும். நீ வாளியோட அலையும்போதும் தெரியும்."

அவன் துண்டைத் தலையிலிருந்து எடுத்தான். அக்காவையே பார்த்துக்கொண்டு நின்றான்.  அப்படியே குனிந்து, சேறு படிந்த கையை வேட்டியில் துடைத்துவிட்டு, கடைசி மாடத்து விளக்கின் திரியைக் கொஞ்சம் உயர்த்தினான்.

"நேத்து வெளிச்சம் காட்டினதும் நீதானே" என்றான், திரும்பாமலே. "நான் எங்கயும் வரலக்கா."

பெட்டிக்குள்ளிருந்து சத்தம் வந்துகொண்டே இருந்தது. ஓர் ஓடு அகன்ற பக்கம் வட்டமாக விரிந்து, உள்ளே ஈரமாக ஏதோ முட்டிக்கொண்டிருந்தது. மூவரும் பார்த்தார்கள், யாரும் தொடவில்லை. தொடக் கூடாது, தானாகத்தான் வர வேண்டும்.

நாத்தனார் கையில் இன்னும் பீரோ சாவி இருந்தது. காம்பு நடுவில் வளைந்திருந்தது. நிமிர்த்தப் பார்த்தாள், முடியவில்லை.

"வீட்டுக்குப் போனா பீரோ திறக்காது" என்றாள், யாரிடமும் இல்லாமல்.

இவளுக்குக் கோபம் தீரவில்லை. இன்றைக்குத் தீராது, ஒருவேளை பல நாளைக்குத் தீராது. எழுந்து, மூலையில் கிடந்த வாளியை எடுத்து நாத்தனாரின் கையில் கொடுத்தாள்.

"போகும்போது பாத்துக்கலாம் அண்ணி. அறைக்குள்ள தண்ணி நிக்குது, முதல்ல அதை மொள்ளுங்க."